ஒத்து ஊதுதல்

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது, அதன் ஆசிரியர் தமக்கு மூத்த கவிஞர் ஒருவருக்கு ஒத்து ஊதுகிறார் என்று ஒரு வாக்கியம் எழுதினேன். நாலு பக்கம் உதாரணம் காட்டி நிறுவ வேண்டிய குற்றச்சாட்டை இரண்டு சொல்லில் முடித்துவிட்டதாக அப்போது ஒரு திருப்தி. நம் வட்டத்தில் அந்த வாக்கியம் கொஞ்ச நாள் புழங்கவும் செய்தது. சம்பந்தப்பட்ட கவிஞர் பதில் எழுதவில்லை. தொகுப்பைப் பற்றி என் அபிப்பிராயம் இன்றும் மாறவில்லை. மாறியது அந்தச் சொல்லைப் பற்றிய அபிப்பிராயம். எப்படி மாறியது என்பதைச் சொல்ல, இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் என்ற, விரல் நகமளவுள்ள கணிப்பொறிச் சில்லை வைத்துச் சின்ன யந்திரங்கள் செய்வது. 2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரிலிருந்த ஒரு வடிவமைப்புப் பள்ளியில் ஆர்டுயினோ என்ற பலகை உருவாயிற்று. பொறியியல் படிக்காதவர்களும் இதைக் கையாளட்டும் என்பது செய்தவர்களின் நோக்கம். பி.ஏ. ஆங்கிலம் படித்த நான் இதற்குள் நுழைய முடிந்தது அந்தத் தயவால்தான். இதில் இறங்குகிறவன் முதலில் ஒரு விளக்கை மினுக்கிப் பார்ப்பான். பிறகு ஒரு பொத்தானை அமுக்கினால் அது எரியும்படி செய்வான். மூன்றாவதாக வரும் ஆசை, இது சப்தம் போட வேண்டும் என்பது.

சப்தம் போட வைக்க இரண்டு வழிகள். எப்போதோ எழுந்த ஒரு சப்தத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு வேண்டும்போது ஒலிக்கச் செய்யலாம். அல்லது, எங்கும் எழுந்திராத ஒரு சப்தத்தை எண்களிலிருந்து அந்தக் கணமே உண்டாக்கலாம். முதலாவது ஞாபகம், இரண்டாவது சிருஷ்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விமர்சனம் எழுதுகிறவனுக்கு மோகம் எதன்பேரில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சேரன்மாதேவிப் பக்கம் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் ஒரு டோக்கன் யந்திரம் உண்டு. ‘டோக்கன் எண், நூற்று, பதினேழு, கவுண்டர், மூன்று’ என்று ஒரு பெண் குரல் கூப்பிடும். தனித்தனியாகப் பதிந்த சொற்களை ஒட்டிச் செய்த வாக்கியம் அது. மாதம் ஒரு தடவை பாஸ்புக் பதிய வரும் பெரியவர் ஒருவர், வயது எழுபத்தைந்துக்கு மேலிருக்கும், ஒருநாள் என் முன்னால் நின்றபடி அதைக் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘இந்தப் பிள்ளை வார்த்தைக்கு வார்த்தை தனியா மூச்சு எடுக்குது, தம்பி. ஒரே மூச்சுல சொல்லத் தெரியல.’

தொழில்நுட்பரீதியாக இதைவிடத் துல்லியமாக ஒருவர் சொல்லிவிட முடியாது. ஐயா என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். ‘ஒத்து ஊதிக்கிட்டிருந்தேன்’ என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம்தான் எனக்கு முதலில் வந்தது. தன்னைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் அவர் வரும்வரை அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

ஒத்து, பார்வைக்கு நாகஸ்வரத்தைப் போலவே இருக்கும் ஒரு வாத்தியம். மரக்குழல், அடியில் அகன்ற அணசு, மேலே நாணலில் செய்த சீவாளி எல்லாம் உண்டு. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் மட்டும் இல்லை. அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகால் அடைத்து ஸ்ருதி சேர்த்துக்கொள்வார்கள். வருவது ஒரே ஸ்வரம், ஆதார ஷட்ஜம். வாசிப்பு தொடங்குமுன் எழ வேண்டும், முடிந்தபின்தான் அடங்க வேண்டும். நடுவில் மூச்சு விடுவது கேட்கக் கூடாது. கன்னத்தில் அடக்கிய காற்றைச் சீவாளிக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். சுவாமி வீதி சுற்றி வரும் நேரமெல்லாம் இதே காரியம்தான்.

தாமிரபரணிக் கரை நாகஸ்வரத்துக்குப் புதிதல்ல. ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) இந்தக் கரையைச் சேர்ந்தவர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிடும் நாகஸ்வரம் அவருடையது. தமிழ் தெரிந்த எல்லோர் காதிலும் அது இருக்கிறது. ஒரு மேளத்தில் முன்னால் உட்கார்ந்தவரின் பேர் இப்படி நிற்கும். பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதியவர்களின் பேர்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பெரியவர் சிறுவனாக இருந்தபோது அருணாசலத்தை ஒரு கல்யாணப் பந்தலில் கேட்டிருக்கிறார். முன்னால் இடம் கிடைக்காமல் மேடைக்குப் பின்புறம் நின்றாராம். ‘எனக்கு ஒத்துதான் ரொம்பக் கேட்டுது’ என்றார். அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை பல மேளங்களோடு போயிருக்கிறார். ஒத்து ஊதியும் தாளம் போட்டும்தான் சீடப்பிள்ளைகள் வித்தைக்குள் வருவார்கள். இவர் வந்த இடத்திலேயே தங்கிவிட்டவர். துருத்தி வைத்த ஸ்ருதிப்பெட்டி வந்தது. 1970-களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், அவரே புல்லாங்குழல் வித்வானும்கூட, மின்னணு ஸ்ருதிப்பெட்டியைச் செய்தார். இப்போது கைபேசியிலேயே ஸ்ருதி வந்துவிட்டது. பூஜை வேளையில் மோட்டாரே முரசையும் மணியையும் அடிக்கும் கோயில்களும் பல உண்டு. மேளத்தில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் குறைவது ஒத்துக்காரர்தான். ஒரு சம்பளம், ஒரு சாப்பாடு, ஒரு பஸ் கட்டணம் மிச்சம். அவரை வெளியே அனுப்பியது யந்திரம் என்பது பாதி உண்மை. கணக்குப் பார்த்தவர்கள் மனிதர்கள். பெரியவருக்கு இப்போது பற்கள் இல்லை, சீவாளி உதட்டில் நிற்காது. தம்பியின் பேரன் நாகஸ்வரம் வாசிக்கிறான், கைபேசி ஸ்ருதியை வைத்துக்கொண்டு.

உங்கள் ஒத்தையே நான் ஒரு பெட்டியில் கொண்டுவருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீம்பும் இருந்தது.

முதல் பெட்டி ஒரு மாலையில் முடிந்தது. ஆர்டுயினோவில் டோன் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு கம்பியின் மின் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே விநாடிக்கு இத்தனை தடவை தாவச் செய்யும். இரண்டரைக் கட்டை ஸ்ருதிக்கு 311 தடவை. நடுவில் எந்த நெளிவும் இல்லாத சதுர அலை. போதாததற்கு இந்தக் கட்டளை முழு எண்களை மட்டுமே ஏற்கும். 311-க்கும் 312-க்கும் நடுவில் அதற்கு ஸ்வரமே கிடையாது. பெரியவர் கேட்டார். ‘லாரி பின்னால வரும்போது கத்துமே, அதுலா இது?’ என்றார்.

இரண்டாவது பெட்டிக்குப் பதிவு வழியைப் பிடித்தேன். அவர் வீட்டில் பழைய கோயில் கச்சேரி கேசட் ஒன்று இருந்தது. அதன் தொடக்கத்தில் நாகஸ்வரம் எழுமுன் ஒத்து மட்டும் தனியாகக் கேட்கும் இடம் நாற்பது விநாடி. ஆர்டுயினோ ஊனோவில் நிரலுக்கும் சேர்த்து இருக்கிற இடம் 32 கிலோபைட். விநாடிக்கு 16,000 எண் வீதம் சப்தத்தை வைத்தால் இரண்டு விநாடிதான் கொள்ளும். அதனால் டிஎஃப்பிளேயர் மினி என்ற, தபால்தலை அளவுள்ள பலகையைச் சேர்த்தேன். மெமரி கார்டிலுள்ள எம்பி3 கோப்பை அது தானே படித்து, சின்ன ஸ்பீக்கரையும் தானே ஒலிக்கச் செய்யும். ஆர்டுயினோ அதற்குக் கட்டளை மட்டும் அனுப்பினால் போதும். அந்தக் கம்பியில் 1,000 ஓம் மின்தடை ஒன்றைப் போடாவிட்டால் பின்னணியில் ஓர் இரைச்சல் வரும், போட்டதும் அடங்கியது. நாற்பது விநாடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

தன் மூச்சைத் தானே கேட்கும் மனிதரின் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து விரலை உயர்த்தினார். ‘இங்க மூச்சு விடுதான்.’ எனக்கு எதுவும் கேட்கவில்லை. மறுபடி நாற்பது விநாடி. மறுபடி விரல். மூன்றாவது தடவை எனக்குப் புரிந்தது. எம்பி3 சப்தத்தை 1,152 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கட்டுகிறது. ஒரு கட்டு விநாடியில் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கட்டு நிரம்பாத இடத்தை மௌனத்தால் நிரப்பிவிடும். கோப்பின் முடிவு தொடக்கத்தோடு சேரும் இடத்தில் அந்த மௌனம் இருந்தது. விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ‘சரி தம்பி. ஆனா விட்டது நானில்ல’ என்றார்.

அந்த இடைவெளியை மூட முடியும். இஎஸ்பி32 என்ற பெரிய சில்லுக்கு மாறினேன். இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று மங்கவிட்டு ஒட்டினேன். இடைவெளி போயிற்று. ஆனால் நாற்பது விநாடிக்கு ஒரு தடவை அதே சின்ன அசைவு அதே இடத்தில் வந்தது. அதில் எது அவருடைய உதடு, எது கேசட் நாடாவின் தள்ளாட்டம் என்று பிரிக்க முடியவில்லை. ஒரு தடவை உயிரோடு நடந்த விஷயம் நூறாவது தடவையில் வெறும் பழக்க தோஷமாகக் கேட்டது. மூன்றாவது வழியை எடுத்தேன். உண்மையில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்ததும் அதைத்தான்.

கேசட்டிலிருந்து ஒத்தின் ஒரே ஓர் அலையை மட்டும் வெட்டி 256 எண்களாக்கி, ஒரு சக்கரத்தின் பற்களைப்போல் வரிசைப்படுத்தினேன். சில்லு விநாடிக்கு 44,100 தடவை அந்தச் சக்கரத்தை நகர்த்தி, நின்ற இடத்து எண்ணைச் சப்தமாக வெளியே அனுப்பும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நகர்த்துவது என்பதில் ஸ்ருதி இருக்கிறது. 311 அதிர்வுக்கு ஏறக்குறைய 1.8 பல். சக்கரத்துக்கு முனை இல்லை. அதனால் ஒட்டும் இல்லை, மூச்சும் இல்லை. ஓர் அதிர்வில் லட்சத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கமாக வைக்கலாம். மாக்ஸ்98357 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் பலகையை இணைத்து இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் அளந்தேன். இம்மியும் நகரவில்லை.

பையன் அதோடு வாசித்தான். பத்து நிமிஷம் அபாரமாக இருந்தது. பிறகு சப்தத்தில் ஒரு அலையடிப்பு தொடங்கிற்று. ஏறக்குறைய ஒத்த இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்தால் வரும் ஏற்ற இறக்கம். பௌதிகப் பாடப்புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பேர். காரணம் எளிது. மூச்சுப் பட்டுப் பட்டுக் குழல் சூடாகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சப்தத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 311-இல் நிற்கும் ஷட்ஜம் டிகிரிக்கு அரை அதிர்வுக்குச் சற்று மேல் ஏறும். ஐந்து டிகிரி ஏறினால் விநாடிக்கு இரண்டரை விம்மலுக்கு மேல்.

பெரியவர் சொன்னார்: ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரையும் கேக்கல, தம்பி.’

பையன்தான் ஸ்ருதி விலகுகிறான் ஐயா, பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றேன்.

‘அதைத்தான் சொல்லுதேன்’ என்றார்.

நெல்லையப்பர் கோயிலின் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் இருக்கின்றன. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம். தூணின் நீளமும் கனமும்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கின்றன. சிற்பி கல்லைக் குறைத்துக் குறைத்து அதை அடைந்திருக்க வேண்டும். கல் நகராது என்பதுதான் அதன் பெருமை. அதோடு பாட வருகிறவன்தான் அதற்கு இணங்க வேண்டும். என் மூன்றாவது பெட்டியும் ஒரு கல்தூண்தான். நான் சிருஷ்டி என்று நினைத்தது, அழகாகச் செதுக்கிய பிடிவாதம்.

நான்காவதாக ஒரு மைக்கைப் பொருத்தினேன். பையனின் வாசிப்பைக் கேட்டு, ஸ்ருதியைக் கணித்து, பெட்டி கூடவே நகரட்டும் என்பது திட்டம். கணித்தது, நகரவும் செய்தது. ஆனால் பையன் ரிஷபத்தில் நின்றால், அதை ஏறிப்போன ஷட்ஜம் என்று எண்ணித் தானும் ஏறியது. கமகத்தில் ஸ்வரம் அசைந்தால் தானும் அசைந்தது. அவன் பிசகினால் உடனே பிசகி அவனைச் சரியாக்கிவிட்டது. பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக நான் ஒத்து ஊதுதல் என்ற சொல்லால் எதைக் குறித்துக்கொண்டிருந்தேனோ அதை அன்றுதான் முதன்முதலாகக் காதால் கேட்டேன். ஒத்துக்காரர் செய்வது அது இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் செய்வது என்ன? முன்னால் வாசிப்பவனின் விலகல்களில் எது குழலின் சூட்டால் வந்தது, எது அவன் பிசகு, எது ராகம் என்று கணத்துக்குக் கணம் பிரிக்கிறார். சூட்டால் வந்ததற்கு உதட்டை அணுவளவு இறுக்கிக் கூடவே போகிறார். பிசகுக்குப் போவதில்லை, அசையாமல் நின்று, அவன் விலகியதை அவன் காதுக்கே காட்டிக்கொடுக்கிறார். ராகத்துக்கு வழிவிட்டு இருக்கிறார். மூன்று மணி நேரம் ஒரே ஸ்வரம் ஊதுகிற மனிதர், மூன்று மணி நேரமும் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார். வெளியே கேட்பது ஒரே ஸ்வரம். கல்லூரியில் எலியட்டின் 1919-ஆம் வருஷத்துக் கட்டுரையைப் படித்து, மரபும் தனி ஆற்றலும் பற்றி எத்தனையோ பரீட்சைப் பதில்கள் எழுதியிருக்கிறேன். மரபு என்பது பின்னால் உட்கார்ந்து நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும் என்று அங்கே எனக்குப் படவில்லை.

மைக்கைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு திருகு வைத்தேன். பழைய ரேடியோவில் சப்தத்தைக் கூட்டிக் குறைப்போமே, அதே ஜாதி. சில்லு அதன் நிலையை 0 முதல் 4095 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். படிக்கும் எண் சும்மாவே துள்ளுவதால் 64 தடவை படித்துச் சராசரி எடுத்தேன். முழுச் சுற்றுக்குப் பத்து அதிர்வு. அவ்வளவுதான். பெட்டியைப் பெரியவர் மடியில் வைத்தேன்.

பையனுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருகின்மேல் இருந்தன. முதலில் மிகையாகத் திருப்பினார். கால் மணியில் கை பழகிவிட்டது. விம்மல் எழப்போகும் முன்பே விரல் நகர்ந்துவிடும். எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஓரிடத்தில் விம்மல் பலமாகக் கேட்டது. விரல் நகரவில்லை. பையன் திரும்பிப் பார்க்காமலே சரிசெய்துகொண்டான். ஊதுவதற்கு எதுவும் இல்லை என்றாலும் பெரியவரின் கன்னங்கள் உப்பியிருந்தன.

இதனால் எதுவும் மீண்டுவிடவில்லை. பையன் கல்யாணங்களுக்குக் கைபேசி ஸ்ருதியோடுதான் போகிறான். திருகைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும் என்றால் அந்த ஆளுக்குச் சாப்பாடும் பஸ் கட்டணமும் வேண்டும். பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. வீட்டில் சாதகம் பண்ணும் மாலைகளில் மட்டும் பெட்டி மடிக்கு வருகிறது. பேட்டரி இறங்கினால் எனக்குச் சொல்லி அனுப்புவார்.

இனி அந்தக் கவிஞர். அவர் தொகுப்பை மறுபடி படித்தேன். மூத்தவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் சாய்கிறார். மூத்தவரின் பிசகையும் சேர்த்து அப்படியே ஏற்றுக்கொள்கிறார். தாம் நின்று காட்ட வேண்டிய ஓரிடத்திலும் நிற்கவில்லை. என் நான்காவது பெட்டி செய்ததும் இதுதான். ஆகவே என் தீர்ப்பில் மாற்றமில்லை. ஆனால் அதற்கு நான் உபயோகித்த சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் ஒத்து ஊதுகிறார் என்று எழுதியது தவறு. அவருக்கு அவ்வளவு காது இல்லை.